செல்லும் செல் சவ்வும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கு உயிரியல் சொல்லிக்கொடுக்கிறேன். வருடா வருடம் முகங்கள் மாறுகின்றன, சந்தேகங்கள் மாறுவதில்லை. பிள்ளையைக் கூட்டிப்போக வரும் பெற்றோரும் தங்கள் பங்குக்கு டிரிப்ஸ், இன்சுலின், சோப்பு என்று கேட்டுவிட்டுப் போவார்கள். எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதிவைத்துவிட்டால் கேட்பவர்களிடம் இதைப் படித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிடலாம் அல்லவா, அதற்குத்தான் இது. கேள்விகளை அவரவர் கேட்டபடியே விட்டிருக்கிறேன்.

1. சார், செல்தான் உயிரோட அடிப்படை அலகுன்னு மனப்பாடம் பண்ணிட்டேன். ஆனா அணு, மூலக்கூறு எல்லாம் அதைவிடச் சின்னதாச்சே?

சின்னதுதான், சந்தேகமே இல்லை. ஆனால் அவற்றில் எதுவும் தனியாகப் பிழைக்காது. ஈரல் செல்லை உடைத்து அதற்குள் சக்தி தயாரிக்கும் உறுப்பான மைட்டோகாண்ட்ரியாவை மட்டும் பிரித்தெடுத்து, ஏற்ற கரைசலில் வைத்தால் சில மணி நேரம் ஏடிபி (செல் தன் வேலைகளுக்குச் செலவழிக்கும் சக்தி மூலக்கூறு) தயாரித்துக்கொண்டிருக்கும், அப்புறம் அடங்கிவிடும். டிஎன்ஏவைப் பிரித்துக் குழாயில் போட்டால் அது சும்மா கிடக்கும். அமீபாவுக்கு இருப்பது ஒரே ஒரு செல். அதை வைத்துக்கொண்டே தின்கிறது, கழிக்கிறது, நகர்கிறது, இரண்டாகப் பிரிந்து பெருகுகிறது. இதற்குக் கீழே இறங்கினால் இந்த எல்லா வேலையையும் சேர்த்துச் செய்யும் பொருள் எதுவும் இல்லை, அதனால்தான் எல்லைக்கோட்டைச் செல்லில் போட்டார்கள்.

இன்னொன்றும் உண்டு. செல்லுக்கு உள்ளே இருப்பதும் வெளியே இருப்பதும் ஒன்றாகக் கலந்துவிட்டால் அன்றோடு அது முடிந்தது. அந்த வித்தியாசத்தைக் காப்பாற்றுவதுதான் சவ்வின் வேலை. கீழே வரும் கேள்விகளில் பாதிக்கு மேல் கடைசியில் இங்கேதான் வந்து நிற்கும்.

2. முதல்ல செல்லைப் பார்த்தது ஹூக்கா, லீவன்ஹூக்கா? பரீட்சைக்கு எதை எழுத?

1665-ல் தன் நூலில் வெளியிட்டவர் ராபர்ட் ஹூக். அவர் பார்த்தது தக்கைச் சீவலில் இருந்த வெற்று அறைகள், அதாவது செத்துப்போன செல்களின் சுவர்கள் மட்டும். உயிருள்ள ஒற்றைச் செல் உயிரிகளை 1670-களில் பார்த்தவர் லீவன்ஹூக். எல்லா உயிரும் செல்லால் ஆனது என்ற கோட்பாடு ஷ்லைடன், ஷ்வான் இருவராலும் 1838, 1839-ல்தான் வந்தது. செல் இன்னொரு செல்லிலிருந்தே பிறக்கும் என்று விர்ஷோ 1855-ல் எழுதினார்.

இவர்களில் ஒருவர்கூட சவ்வைப் பார்க்கவில்லை. சவ்வின் கனம் சுமார் 7 நானோமீட்டர், சாதாரண நுண்ணோக்கி பிரித்துக் காட்டக்கூடியது ஏறக்குறைய 200 நானோமீட்டர் வரைதான். 1950-களில் எலக்ட்ரான் நுண்ணோக்கி வழியாகத்தான் படம் கிடைத்தது. அதற்கு முன் சவ்வு இருக்கிறது என்று சொன்னதெல்லாம் ஊகத்தில்தான், நல்ல ஊகம்!

3. நம்ம உடம்புல மொத்தம் எத்தனை செல்? ஒவ்வொரு இடத்துலயும் ஒவ்வொரு எண்ணு போட்டிருக்கு.

2016-ல் வந்த ஒரு கணக்கின்படி 70 கிலோ எடையுள்ள ஆளுக்குச் சுமார் 30 லட்சம் கோடி. அதில் எண்பது சதவீதத்துக்கு மேல் சிவப்பணுக்கள்தான், அவை அவ்வளவு சின்னவை. எண்ணுவது கஷ்டம் என்பதால் கணக்குக்குக் கணக்கு வேறுபடும், 37 லட்சம் கோடி என்று பார்த்திருந்தால் அது அதற்கு முந்தைய கணக்கு. யானைக்குச் செல் பெரிதாக இருக்குமா என்றும் கூடவே கேட்பார்கள். பெரும்பாலும் நம் செல்களின் அளவேதான், எண்ணிக்கைதான் அதிகம்.

4. செல் ஏன் இவ்ளோ குட்டியா இருக்கணும்? பெருசா நாலஞ்சு இருந்தா போதாதா?

அளவு இரண்டு மடங்கானால் மேற்பரப்பு நாலு மடங்காகும், உள்ளே இருக்கும் கொள்ளளவு எட்டு மடங்காகும். உணவும் ஆக்சிஜனும் வருவது, கழிவு போவது எல்லாம் மேற்பரப்பு வழியாக. செல் பெருத்துக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் வாசல் போதாமல் போய்விடும்.

விதிவிலக்கு உண்டு. மன்னார் வளைகுடாவில் வளரும் கௌலெர்ப்பா என்ற பச்சைக் கடற்பாசி, தண்டு, இலை, வேர் எல்லாம் இருக்கும் செடிதான் என்று நினைக்க வைக்கும், ஆனால் முழுவதும் ஒரே செல், நடுவில் தடுப்பே கிடையாது. ஆயிரக்கணக்கில் உட்கரு வைத்துக்கொண்டு, உடம்பை மெல்லிய கிளைகளாக நீட்டிக்கொண்டு அது சமாளிக்கிறது. நம் முதுகுத்தண்டிலிருந்து கால் வரை போகும் நரம்புச் செல்லும் ஏறக்குறைய ஒரு மீட்டர் நீளம், அகலம் மட்டும் நூலைவிட மெலிசு.

5. செல் சுவர், செல் சவ்வு ரெண்டும் ஒண்ணுதானே? புத்தகத்துல மாத்தி மாத்தி வருது.

இல்லை. சவ்வு எல்லாச் செல்லுக்கும் உண்டு. சுவர் தாவரம், பூஞ்சை, பெரும்பாலான பாக்டீரியா போன்றவற்றுக்குத்தான், அதுவும் சவ்வுக்கு வெளியே. தாவரத்துக்குச் செல்லுலோஸ், பூஞ்சைக்குக் கைட்டின், பாக்டீரியாவுக்குப் பெப்டிடோகிளைக்கான். சுவர் விறைப்பைத் தரும், சின்ன மூலக்கூறுகளைத் தடுக்காது. எது உள்ளே வரலாம், எது வரக்கூடாது என்று பார்ப்பது சவ்வு.

பென்சிலின் பாக்டீரியாவைக் கொன்று நம்மை விட்டுவைப்பதற்கும் இதுதான் காரணம். அது பெப்டிடோகிளைக்கான் பின்னப்படுவதைத் தடுக்கும் மருந்து, நமக்கு அந்தச் சுவரே இல்லை.

6. சவ்வு கொழுப்பால ஆனதுன்னு சொல்றீங்க. கொழுப்பு கெட்டதுன்னுதானே டாக்டர் சொல்றாரு?

டாக்டர் சொல்வது இரத்தக் குழாயில் படியும் கொழுப்பை. சவ்வில் இருப்பது பெரும்பாலும் பாஸ்போலிப்பிடு என்ற வகை. அந்த மூலக்கூறின் தலை தண்ணீரோடு ஒட்டும், இரண்டு வால்களும் தண்ணீரைவிட்டு ஒதுங்கும். தண்ணீரில் போட்டால் யாரும் அடுக்கிவைக்காமலே வால்கள் உள்நோக்கித் திரும்பி இரண்டு அடுக்காக நின்றுகொள்ளும். அந்த அடுக்கில் ஆங்காங்கே புரதங்கள் செருகியிருக்கும்.

இரண்டு அடுக்கு என்று தெரியவந்த கதை எனக்குப் பிடித்தது. 1925-ல் நெதர்லாந்தில் கோர்ட்டர், கிரெண்டல் என்ற இருவர் சிவப்பணுக்களிலிருந்து கொழுப்பை அசிட்டோனில் பிரித்து, நீர்ப்பரப்பில் ஒற்றை மூலக்கூறு கனத்துக்குப் பரப்பி அளந்தார்கள். செல்களின் மேற்பரப்பைப்போல் இரண்டு மடங்கு வந்தது, ஆக இரண்டு அடுக்கு. பிறகு பார்த்தால் அசிட்டோன் எல்லாக் கொழுப்பையும் எடுத்திருக்கவில்லை, காய்ந்த செல்களை அளந்ததால் மேற்பரப்பும் குறைவாக வந்திருந்தது. ஒரு பிழை இன்னொரு பிழையை ஈடுகட்டி விடை மட்டும் சரியாக அமைந்துவிட்டது.

7. திரவம்னு சொல்றீங்க, அப்புறம் சவ்வுன்னும் சொல்றீங்க. திரவமா இருந்தா ஏன் கலைஞ்சு போகலை?

தீபாவளிக்கு முந்தின ஞாயிறு ரங்கநாதன் தெருவில் நின்றிருந்தால் புரியும். பக்கத்தில் இருக்கும் ஆள் நொடிக்கு நொடி மாறுவார், ஆனால் கூட்டம் தெருவை விட்டுக் கலையாது. லிப்பிடுகளும், அதாவது சவ்வின் கொழுப்பு மூலக்கூறுகளும், அப்படித் தங்கள் அடுக்குக்குள்ளேயே இடம் மாறிக்கொண்டிருக்கின்றன. வெளியே வந்தால் வால்கள் தண்ணீரில் மாட்டும் என்பதால் தனியாக வெளியேறுவது அபூர்வம். மேல் அடுக்கிலிருந்து கீழ் அடுக்குக்குக் குட்டிக்கரணம் போடுவதும், புரதம் ஏதாவது உதவினால் ஒழிய, அபூர்வம்தான்.

நகர்கிறது என்பதைக் காட்டியவர்கள் ஃப்ரை, எடிடின். 1970-ல் எலிச் செல்லையும் மனிதச் செல்லையும் இணைத்து, இரண்டின் சவ்வுப் புரதங்களுக்கும் வேறு வேறு ஒளிரும் நிறம் கொடுத்துப் பார்த்தார்கள். முதலில் பாதிக்குப் பாதி பிரிந்திருந்த நிறங்கள் உடல் வெப்பநிலையில் 40 நிமிடத்தில் கலந்துவிட்டன, குளிரவைத்தால் கலக்கவில்லை. இதையெல்லாம் வைத்து 1972-ல் சிங்கரும் நிக்கல்சனும் சொன்னதுதான் பாடத்தில் வரும் பாய்மத் திட்டு மாதிரி. நடுநடுவே இருக்கும் கொலஸ்ட்ரால், சூட்டில் சவ்வு ரொம்ப இளகாமலும் குளிரில் இறுகாமலும் பார்த்துக்கொள்ளும். ஆக, டாக்டர் திட்டும் அந்தக் கொலஸ்ட்ராலும் இங்கே தேவைப்படுகிறது.

8. இதையெல்லாம் கண்ணால பார்க்க வீட்டுல ஏதாவது வழி இருக்கா?

சவ்வைப் பார்க்க முடியாது, அது உடைவதைப் பார்க்கலாம். பீட்ரூட்டைத் துண்டு போட்டு, வெட்டுப்பட்ட செல்களின் சாயம் போகும்வரை அலசுங்கள். பிறகு ஒரு துண்டைப் பச்சைத் தண்ணீரிலும் ஒன்றைக் கொதிநீரிலும் போடுங்கள். பச்சைத் தண்ணீர் வெகுநேரம் ஏறக்குறைய நிறமில்லாமலே இருக்கும், கொதிநீர் உடனே சிவக்கும். சாயம் இருப்பது செல்லின் உள்ளே வாக்குவோல் என்ற நீர்ப்பையில். அது வெளியே வர வாக்குவோலின் சவ்வு, செல் சவ்வு இரண்டையும் தாண்ட வேண்டும். சூடு இரண்டையும் குலைத்துவிடுகிறது. செல் சுவர் அப்படியே இருந்தும் சாயத்தைத் தடுக்கவில்லை என்பதைக் கவனியுங்கள், 5-ல் சொன்னது அதுதான்.

இன்னொரு துண்டை இரவு ஃப்ரீசரில் வைத்து எடுத்து உருகவிட்டாலும் சாயம் ஒழுகும். பனிப் படிகங்கள் சவ்வைக் கிழித்திருக்கும். உறைய வைத்த தக்காளி உருகியதும் கொழகொழவென்று ஆவதும் இதனால்தான்.

9. எண்ணெயும் தண்ணியும் சேராதுல்ல? அப்ப தண்ணி எப்படி செல்லுக்குள்ள போகுது?

கொஞ்சம் தண்ணீர் லிப்பிடுகளின் இடுக்கில் கசிந்து போகும். ஆனால் சிறுநீரகச் செல்லிலும் சிவப்பணுவிலும் போகிற வேகத்துக்கு அது போதாது என்று வெகுநாளாகவே சந்தேகம் இருந்தது. 1990-களின் தொடக்கத்தில் பீட்டர் ஏக்ரே அக்வாபோரின் என்ற புரதத்தைக் கண்டுபிடித்தார், 2003-ல் வேதியியல் நோபல் கிடைத்தது. ஒரே ஒரு அக்வாபோரின் வழியாக நொடிக்கு நூறு கோடிக் கணக்கில் தண்ணீர் மூலக்கூறுகள் ஒற்றை வரிசையில் போகின்றன. அதே வழியில் ஒரு ஹைட்ரஜன் அயனிகூடப் போக முடியாது.

10. டிரிப்ஸ்ல ஏன் உப்புத்தண்ணி ஏத்துறாங்க? சுத்தமான தண்ணி ஏத்தினா இன்னும் நல்லதுதானே?

ஆபத்து. சிவப்பணுவைச் சுற்றி வெறும் தண்ணீர் இருந்தால், கரைபொருள் அதிகமுள்ள உட்பக்கத்துக்குத் தண்ணீர் சவ்வு வழியாகப் பாயும், செல் உப்பி வெடிக்கும். பாடத்தில் வரும் சவ்வூடு பரவல்தான் இது. லிட்டருக்கு 9 கிராம் உப்பு, அதாவது 0.9 சதவீதம் இருந்தால் உள்ளேயும் வெளியேயும் சமன், செல் அப்படியே இருக்கும்.

அப்ப செடிக்கு வெறும் தண்ணீர் ஊற்றுகிறோமே என்பார்கள். செடிக்குச் சுவர் இருக்கிறது, உப்பினாலும் வெடிக்கவிடாது, விறைப்பாகத்தான் நிற்கும். உப்பு அதிகமானால் இதுவே திரும்பி நடக்கும். மாங்காயில் உப்பைப் போட்டுக் குலுக்கிவைத்தால் தண்ணீர் விடுகிறதே, அது மாங்காய்ச் செல்லிலிருந்து வந்த தண்ணீர். ஊறுகாயில் பாக்டீரியா அவ்வளவு எளிதில் வளராததற்கும் இது ஒரு காரணம்.

11. வயித்துப்போக்குக்கு ஓஆர்எஸ்ல உப்பு சரி. சர்க்கரை எதுக்கு, தெம்புக்கா?

தெம்புக்கு இல்லை. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பேன் என்றால் இதைப் படியுங்கள். நம் சிறுகுடல் செல்களின் சவ்வில் ஒரு புரதம் இருக்கிறது, அது சோடியத்தைத் தனியாக எடுக்காது, குளுக்கோஸைத் தனியாகவும் எடுக்காது. இரண்டு சோடியம் அயனியும் ஒரு குளுக்கோஸும் சேர்ந்து வந்தால்தான் உள்ளே விடும். உப்பும் சர்க்கரையும் உள்ளே போனால் பின்னாலேயே தண்ணீரும் போகும், முந்தைய பதிலில் சொன்ன அதே காரணத்தால். வெறும் உப்புத்தண்ணீர் குடித்தால் இந்த வழி திறக்காது. சோடியமும் குளுக்கோஸும் சேர்ந்துதான் போகின்றன என்ற கருத்தை 1960-ல் முன்வைத்தவர் ராபர்ட் கிரேன்.

காலராவில் நடப்பதைப் பார்த்தால் இதன் அருமை தெரியும். காலரா கிருமி குடல் செல்லைத் தின்பதில்லை, அது விடும் நச்சு செல்லுக்குள் ஒரு சமிக்ஞையை அணையாமல் எரியவிடுகிறது. அதனால் சவ்வில் இருக்கும் குளோரைடு வழிகள் திறந்தே கிடக்கும், குளோரைடு வெளியேற, சோடியமும் தண்ணீரும் கூடவே போகும். கடுமையான காலராவில் மணிக்கு ஒரு லிட்டர் வரைகூடப் போகலாம். இந்த நச்சைக் கண்டுபிடித்தவர் கொல்கத்தாவின் சம்பு நாத் டே, 1959-ல். நம் பாடப்புத்தகங்களில் அவர் பெயரைத் தேட வேண்டியிருக்கிறது, எனக்கு அதில் வருத்தம்தான். அதிர்ஷ்டவசமாக, அந்த சோடியம் குளுக்கோஸ் புரதத்தை இந்த நச்சு தொடுவதில்லை. ஒரு வாசல் வழியாக ஒழுகிக்கொண்டிருக்கும்போதே இன்னொரு வாசல் வழியாக உள்ளே அனுப்பலாம்.

1971-ல் வங்கதேசப் போரின்போது பங்காவ் அகதி முகாமில் காலரா பரவி, ஏற்றுவதற்கு டிரிப்ஸ் தீர்ந்துபோனபோது திலீப் மகலநபிஸ் என்ற மருத்துவர் உப்பு, குளுக்கோஸ், சமையல் சோடா கலந்த கரைசலைக் குடிக்கக் கொடுத்தார். 30 சதவீதம் அளவில் இருந்த இறப்பு 3.6 சதவீதமாக இறங்கியது. இன்றைய பொட்டலத்தில் லிட்டருக்கு 2.6 கிராம் உப்பு, 13.5 கிராம் குளுக்கோஸ், 1.5 கிராம் பொட்டாசியம் குளோரைடு, 2.9 கிராம் சிட்ரேட். ருசிக்காகச் சர்க்கரையைக் கூட்டாதீர்கள், தண்ணீரைக் குறைக்காதீர்கள். கரைசல் செறிவானால் குடலுக்குள் தண்ணீரை இழுத்து, போக்கு அதிகமாகும். குளிர்பானம் இதற்கு மாற்று ஆகாததும் அதனால்தான்.

12. இன்சுலின்தான் சர்க்கரையைத் தூக்கிட்டு செல்லுக்குள்ள போகுதுன்னு சொல்றாங்க, உண்மையா?

இன்சுலின் சர்க்கரையைத் தொடுவதே இல்லை. தசை, கொழுப்புச் செல்களின் சவ்வில் அதற்கென்று இருக்கும் ஏற்பிப் புரதத்தில் வெளிப்பக்கம் வந்து ஒட்டும், அவ்வளவுதான். ஒட்டியதும் உள்ளே ஒரு தகவல் தொடர் ஓடும். சின்னச் சின்னக் கொப்புளங்களில் செல்லுக்குள்ளேயே காத்திருக்கும் குளுட்4 என்ற கடத்திப் புரதங்கள் சவ்வுக்கு வந்து இணையும். அவற்றின் வழியாகத்தான் குளுக்கோஸ் உள்ளே போகும். இரண்டாம் வகை நீரிழிவில் இன்சுலின் இருந்தும் அந்தத் தகவல் சரியாகப் போய்ச் சேர்வதில்லை.

நடைப்பயிற்சி பற்றியும் ஒரு வார்த்தை. தசை சுருங்கி வேலை செய்யும்போது இன்சுலினின் தயவு இல்லாமலே குளுட்4 சவ்வுக்கு வரும். டாக்டர் நடக்கச் சொல்வதில் இந்தக் கணக்கும் இருக்கிறது. மூளைச் செல்களின் கடத்திகள் வேறு வகை, பெரும்பாலும் இன்சுலினுக்குக் காத்திருப்பதில்லை.

13. சும்மா படுத்திருந்தாலும் செல்லுக்குச் சக்தி செலவாகுமாமே? எதுக்கு?

பெரிய செலவுகளில் ஒன்று சோடியம் பொட்டாசியம் பம்பு. ஒவ்வொரு ஏடிபிக்கும் மூன்று சோடியத்தை வெளியே தள்ளி இரண்டு பொட்டாசியத்தை உள்ளே இழுக்கும். டென்மார்க்கின் யென்ஸ் ஸ்கோ 1957-ல் நண்டின் கால் நரம்பிலிருந்து இதைக் கண்டறிந்தார், நோபல் வர 1997 ஆயிற்று. ஓய்வில் இருக்கும் உடம்பின் சக்தியில் சுமார் ஐந்தில் ஒரு பங்கு இந்தப் பம்புக்கே போகிறது. 11-ல் சோடியம் குளுக்கோஸோடு சேர்ந்து உள்ளே போகும் என்றேனே, அது உள்ளே வர ஆசைப்படுவதே இந்தப் பம்பு முன்கூட்டியே வெளியே தள்ளி வைத்திருப்பதால்தான்.

நரம்பில் இதோடு சவ்வின் பொட்டாசியம் கசிவும் சேர்ந்து உள்ளே வெளியைவிட 70 மில்லிவோல்ட் குறைவாக இருக்கும். அற்பமாகத் தெரியும். ஆனால் அது நிற்பது 7 நானோமீட்டர் கனத்துக்குள். வகுத்துப் பார்த்தால் மீட்டருக்கு ஒரு கோடி வோல்ட். காற்றில் பொறி பறக்க மீட்டருக்கு 30 லட்சம் வோல்ட் போதும்.

14. சோப்பு வைரஸோட சவ்வைக் கரைக்குதுன்னா, நம்ம கைச் செல்லை ஏன் கரைக்கலை?

தோலின் மேல் அடுக்கில் இருப்பவை ஏற்கெனவே செத்து கெரட்டின் என்ற புரதம் நிறைந்த செல்கள், அவற்றைக் கரைத்து என்ன ஆகப்போகிறது? கண்ணில் பட்டால் எரிகிறதே, அங்கே உயிருள்ள செல்கள் மேலேயே இருக்கின்றன. கொரோனா வைரஸுக்கு லிப்பிடு உறை உண்டு, சோப்பு அதைக் குலைத்துவிடும். வாந்தி பேதி தரும் நோரோவைரஸுக்கு உறையே கிடையாது, அதனால் சானிடைசர் அதனிடம் அவ்வளவாக எடுபடாது. தேய்த்துக் கழுவி தண்ணீரோடு அனுப்புவதுதான் வழி.

15. சரி, அந்த உறை இருக்குல்ல, அப்ப வைரஸும் செல்தானே?

இல்லை. அந்த உறை வைரஸ் செய்ததல்ல, உருவாகும்போது நம் செல்லின் சவ்வுகளிலிருந்து பிய்த்துக்கொண்டு போனது. அதில் பம்பு வேலை எதுவும் நடப்பதில்லை, உள்ளே ஏடிபி தயாரிப்பும் இல்லை.

16. கோழி முட்டை ஒரே செல்லுன்னு படிச்சேன். அந்த ஓட்டுக்குள்ள இருக்கிற வெள்ளைத் தோல்தான் செல் சவ்வா?

இரண்டு இடத்தில் திருத்தம். ஒன்று, மஞ்சள் கரு மட்டும்தான் அந்த ஒற்றைச் செல். வெள்ளைக் கரு, ஓடு எல்லாம் கருமுட்டைக் குழாயில் வரும்போது மேலே சேர்ந்தவை. அதுவும் சேவல் சேராத முட்டைக்குத்தான் பொருந்தும், சேர்ந்த முட்டை இடப்படும்போதே பல ஆயிரம் செல்களாகப் பிரிந்திருக்கும்.

இரண்டு, ஓட்டுக்குள் இருக்கும் தோல் புரத நார்களால் ஆனது. மஞ்சள் கருவைச் சுற்றிக் கண்ணுக்குத் தெரியும் மெல்லிய உறையும் வெளியே படிந்த புரத அடுக்குதான், உண்மையான சவ்வு அதற்கும் கீழே. வினிகரில் ஓட்டைக் கரைத்துவிட்டு முட்டை உப்புவதைக் காட்டும் சோதனை சவ்வூடு பரவலைக் காட்ட நன்றாக இருக்கும், செல் சவ்வைக் காட்டாது.

17. செல் செல்லிலிருந்துதான் வரும்னா, முதல் சவ்வு எங்கிருந்து வந்தது?

6-ல் சொன்ன அடுக்குதல் தானாக நடப்பது, அதற்கு உயிர் வேண்டியதில்லை. பாஸ்போலிப்பிடைவிட எளிய கொழுப்பு அமிலங்கள்கூட தண்ணீரில் குட்டிக் கொப்புளங்களாகச் சேரும். 1969-ல் ஆஸ்திரேலியாவின் மர்ச்சிசன் ஊரில் விழுந்த விண்கல்லிலிருந்து பிரித்த பொருள்களில் டேவிட் டீமர் 1985-ல் இப்படிச் சவ்வுக் கொப்புளங்கள் உண்டாவதைக் காட்டினார். முதல் சவ்வு விண்கல்லில் வந்தது என்று இதற்குப் பொருள் இல்லை. சவ்வுக்கு வேண்டிய சரக்கு உயிர் இல்லாத இடத்திலும் உருவாகும் என்பதுதான் தெரிகிறது.

18. 2010-லயே ஆய்வகத்துல செயற்கை செல் செஞ்சுட்டாங்களே, இன்னும் என்ன செல்லிலிருந்துதான் செல்லுன்னு?

கிரெய்க் வென்டர் குழு செய்ததைச் சொல்கிறீர்கள். மைக்கோபிளாஸ்மா மைக்காய்டிஸ் என்ற பாக்டீரியாவின் மரபணுத்தொகுதியை, சுமார் 10.8 லட்சம் எழுத்துகள், வேதிப்பொருளிலிருந்து கட்டி, நெருங்கிய உறவான இன்னொரு மைக்கோபிளாஸ்மாவின் செல்லுக்குள் வைத்தார்கள். அது புது மரபணுவின்படி வாழ்ந்து பெருகவும் செய்தது. பெரிய சாதனை, மறுக்கவில்லை. ஆனால் சவ்வும், அதில் இருந்த பம்புகளும், உள்ளே புரதம் கட்டும் ரைபோசோம்களும் உயிரோடிருந்த பாக்டீரியாவிடமிருந்து கடன் வாங்கியவை.

உங்கள் உடம்பின் செல்லும் இதில் வேறுபடுவதில்லை. புது லிப்பிடுகள் இருக்கிற சவ்வில் போய்ச் சேர்ந்து அது விரிகிறது, செல் பிரியும்போது அதுவே இரண்டாகிறது. அதைச் செய்யும் நொதிகளும் பெரும்பாலும் சவ்விலேயே உட்கார்ந்திருப்பவை. டிஎன்ஏவில் அந்த நொதிகளுக்கான குறிப்பு இருக்கிறது, அவை போய் உட்கார வேண்டிய சவ்வு தாயின் கருமுட்டையோடு வந்தது.